லாங் டைமர் போர்டு தகராறு செய்தால்: 4060 சர்க்யூட்டை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தண்ணீர் மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடித் தானாக நிற்க வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் அரை மணி நேரம் ஓடினால் போதும், பேட்டரி சார்ஜர் ஐந்து மணி நேரத்தில் துண்டிக்கப்பட வேண்டும் என்று ஆளுக்கொரு தேவைக்காக டைமர் போர்டு செய்கிறார்கள். சரியாக ஓடவில்லை என்று என்னிடம் வருகிற போர்டுகளில் திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான். கொண்டுவருபவர்களில் பலர் அதற்குள் ஐசியை மாற்றிப் பார்த்திருப்பார்கள். ஐசியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். கெபாசிட்டர், ரீசெட், ரிலே பக்கத்துச் சத்தம் (காதில் கேட்பதல்ல, வயர் வழியாக வரும் தேவையற்ற வோல்டேஜ் துள்ளல்), இந்த மூன்றையும் தாண்டி ஐசிதான் குற்றவாளி என்று ஆவது அபூர்வம்.

இங்கே எடுத்துக்கொள்வது 12 வோல்ட்டில் ஓடும் சிடி4060 சர்க்யூட். 4060 என்பது தானே துடிப்பை உண்டாக்கி அதை எண்ணும் ஐசி. உங்கள் போர்டை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 16ஆம் கால் பிளஸ், 8ஆம் கால் மைனஸ். 10ஆம் காலில் நேரத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர், 9ஆம் காலில் கெபாசிட்டர், 11ஆம் காலில் அந்த ரெசிஸ்டரைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத இன்னொரு ரெசிஸ்டர், மூன்றின் மறுமுனைகளும் ஒரே இடத்தில் சேரும். 12ஆம் கால் ரீசெட், அதிலிருந்து பிளஸுக்கு ஒரு கெபாசிட்டர், மைனஸுக்கு 100 கிலோ ஓம். 3ஆம் கால் கடைசி அவுட்புட். அது 0 வோல்ட்டில் இருக்கும்வரை பிசி557 டிரான்சிஸ்டர் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும், உயர்ந்ததும் ரிலே விடும், மோட்டார் நிற்கும்.

நேரக் கணக்கு இவ்வளவுதான்: ஒரு துடிப்புக்கு 2.3 × ரெசிஸ்டர் × கெபாசிட்டர், 3ஆம் கால் உயர 8192 துடிப்பு. 1 மெகா ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் போட்டால் துடிப்புக்கு 0.23 விநாடி, மொத்தம் 31 நிமிடம் சொச்சம். கெபாசிட்டரை 0.47 ஆக்கினால் 2 மணி 27 நிமிடம், 1 மைக்ரோஃபாரட் போட்டால் 5 மணி 14 நிமிடம்.

## எதைத் தொடும் முன்பும்: டைமரை வேகமாக ஓடவைத்துப் பாருங்கள்

ஐந்து மணி நேர டைமரைச் சரிசெய்ய ஒவ்வொரு தடவையும் ஐந்து மணி நேரம் காத்திருக்க யாராலும் முடியாது. 230 வோல்ட் பக்கத்தை முழுக்கக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பக்கத்தை மட்டும் அடாப்டரில் ஓட்டுங்கள். நேர கெபாசிட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 102 என்று அச்சிட்ட கெபாசிட்டரைப் போடுங்கள். 1 மெகா ஓமோடு அது சேர்ந்தால் மொத்த நேரமும் 19 விநாடிக்குள் முடிந்துவிடும். 15ஆம் காலில் மீட்டரை வைத்தால் ஏறக்குறைய 1.2 விநாடிக்கு ஒருமுறை மாறுவது தெரியும்.

இந்த 19 விநாடி ஓட்டம் சரியாக வந்தால் எண்ணும் பகுதி, ரீசெட், டிரான்சிஸ்டர், ரிலே நான்கும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம், இனி கெபாசிட்டரையும் வெளி வயரிங்கையும் மட்டும் பார்த்தால் போதும். வரவில்லை என்றால் கோளாறு போர்டிலேயே இருக்கிறது. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிட்டுக் கீழே வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 11ஆம் காலில் மீட்டர் முனையை வைக்காதீர்கள். அங்கே இருப்பது மெகா ஓம் கணக்கு, மீட்டரே ஒரு சுமையாகிவிடும், நேரம் மாறும், சில சமயம் துடிப்பே நின்றுபோகும். 9ஆம் காலில் அல்லது 7ஆம் காலில் பாருங்கள்.

## அறிகுறி: பவர் இருக்கிறது, ஆனால் எண்ணவே இல்லை

7ஆம் காலில் மீட்டரை வைத்தால் ஒரே வோல்டேஜ், அசைவே இல்லை. 0.1 மைக்ரோஃபாரடும் 1 மெகா ஓமும் இருக்கும்போது அங்கே சுமார் 1.8 விநாடிக்கு ஒருமுறை மாற வேண்டும்.

முதலில் ஐசியின் 16க்கும் 8க்கும் இடையே நேரடியாக அளந்து பாருங்கள், பவர் சாக்கெட்டில் அளந்து திருப்தி அடையாதீர்கள். பிரெட்போர்டில் பவர் வரிசை நடுவில் பிரிந்திருக்கும், பாதி போர்டுக்கு கரண்டே போயிருக்காது. ஐசி தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து 12ஆம் கால். இங்கே 0 வோல்ட் இருக்க வேண்டும். பிளஸ் இருந்தால் ஐசி நிரந்தரமாக ரீசெட்டில் கிடக்கிறது, 4060இல் ரீசெட் இருக்கும்வரை துடிப்பை உண்டாக்கும் ஆஸிலேட்டரும் நின்றுவிடும். இதற்குப் பெரும்பாலும் நான்கு கால் புஷ் பட்டன்தான் காரணம். அதன் நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளேயே எப்போதும் இணைந்திருக்கும். 90 டிகிரி திருப்பி வைத்துவிட்டால் அழுத்தாமலேயே அழுத்தியது போல ஆகிவிடும். எந்தப் பக்கம் எது என்று குழம்பாமல் மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் இரண்டு கால்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

12ஆம் கால் சரி என்றால் 9, 10, 11 ஆகிய மூன்று கால்களின் சால்டரிங். மூன்று பாகங்களும் சேரும் அந்த ஒரு சந்திப்பில் உலர் சால்டர் இருந்தால் துடிப்பு வராது, அல்லது போர்டை விரலால் அழுத்தும்போது மட்டும் வரும். 9ஆம் காலில் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் போட்டிருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் இங்கே கெபாசிட்டரின் முனைகள் மாறி மாறித் தலைகீழாகும். பிளஸ் மைனஸ் இல்லாத கெபாசிட்டர்தான் வேண்டும்.

இதெல்லாம் தாண்டினால் ஐசியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 74எச்சி4060 என்றிருந்தால் அது 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத வகை. கால் அமைப்பு ஒன்றே என்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு, 12 வோல்ட்டில் போட்டதும் போய்விடும். சிடி4060 அல்லது எச்இஎஃப்4060 என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் வாங்கினால் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, மலிவான பாகம்தான்.

## அறிகுறி: நேரம் முடியவே மாட்டேன் என்கிறது

### 555 மட்டும் வைத்துச் செய்த போர்டு என்றால்

555 என்பது துடிப்பை எண்ணாமல், ஒரு கெபாசிட்டர் நிறையும் நேரத்தை மட்டும் வைத்து ஓடும் டைமர் ஐசி. 1 மெகா ஓமும் 1000 மைக்ரோஃபாரடும் போட்டால் 18 நிமிடம் வரும் என்று கணக்குச் சொல்லும். போர்டில் வராது. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் தனக்குள்ளேயே கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டருக்கு 160 மைக்ரோஆம்பியர் வரை கசிவு இருந்தாலும் அது நல்ல சரக்கு என்றுதான் தயாரிப்பாளர்களின் வழக்கமான விதி சொல்கிறது. நீங்கள் 1 மெகா ஓம் வழியாக அனுப்புவதோ, 555 திரும்ப வேண்டிய 8 வோல்ட்டை நெருங்கும்போது, வெறும் 4 மைக்ரோஆம்பியர். வருவதைவிடப் போவது அதிகமாக இருந்தால் கெபாசிட்டர் அந்த 8 வோல்ட்டை எட்டவே எட்டாது.

கெபாசிட்டரின் முனைகளில் மீட்டரை வைத்தால் 5 அல்லது 6 வோல்ட்டில் ஏறாமல் நிற்பது தெரியும். மீட்டரும் கொஞ்சம் கரண்டை இழுக்கும் என்பதால் ஒரு நொடி வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். தற்காலிகத் தீர்வு ரெசிஸ்டரை 100 கிலோ ஓமுக்குக் குறைப்பது, ஆனால் நேரமும் பத்தில் ஒன்றாகிவிடும். ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டும் என்றால் 555ஐத் தனியாக நம்ப வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. 4060க்கு மாறுங்கள், சின்ன கெபாசிட்டரில் மணிக்கணக்கில் நேரம் கிடைக்கும்.

### 4060 எண்ணுகிறது, ஆனால் ரிலே விடவில்லை என்றால்

102 கெபாசிட்டரோடு ஓட்டி, 19 விநாடி கழிந்ததும் 3ஆம் காலை அளந்து பாருங்கள். அங்கே கிடைக்கும் எண்ணைப் பொறுத்து வழி பிரிகிறது.

12 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது, ஆனாலும் ரிலே பிடித்தே இருக்கிறது: டிரான்சிஸ்டர் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது, அல்லது கால் மாற்றி வைத்திருக்கிறீர்கள். பிசி557ஐக் கழற்றிவிட்டுப் பாருங்கள். டிரான்சிஸ்டர் இல்லாமலும் ரிலே பிடித்திருந்தால் பிசிபி தடத்தில் எங்கோ சால்டர் பாலம் இருக்கிறது. டிரான்சிஸ்டர்தான் போயிருக்கிறது என்றால் புதியதைப் போடும் முன் ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு இருக்கிறதா, அதன் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் எத்தனை டிரான்சிஸ்டர் போட்டாலும் போகும்.

8, 9 வோல்ட்தான் இருக்கிறது: 3ஆம் காலில் எல்இடி ஒன்றை 1 கிலோ ஓம் வைத்துத் தொங்கவிட்டிருப்பீர்கள். 4060இன் அவுட்புட்டுக்கு ஓரிரு மில்லிஆம்பியருக்கு மேல் கொடுக்கச் சக்தி இல்லை. எல்இடி அதை இறக்கிவிடும், 12க்கும் 9க்கும் உள்ள அந்த 3 வோல்ட் வித்தியாசமே பிசி557ஐ நடத்தப் போதுமானது. எல்இடியை அதன் ரெசிஸ்டரோடு அங்கிருந்து எடுத்து ரிலே காயிலுக்கு இணையாகப் போட்டுவிடுங்கள், ரிலே பிடித்திருக்கும்போது எரியும்.

5 வோல்ட் இருக்கிறது: ஐசிக்கு 7805 ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட்டும் ரிலேக்கு 12 வோல்ட்டும் கொடுத்திருக்கிறீர்கள். 5 வோல்ட்டால் 12 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கும் பிஎன்பி டிரான்சிஸ்டரை அணைக்க முடியாது. ஐசிக்கும் 12 வோல்ட்டே கொடுங்கள், சிடி4060 தாங்கும்.

## அறிகுறி: கணக்குப் போட்ட நேரத்தில் சரியாகப் பாதிதான் வருகிறது

போர்டில் கோளாறு இல்லை, கணக்கில்தான். 4060இல் 16384 வரை எண்ணுவது முழுச் சுற்று. ரீசெட்டிலிருந்து 3ஆம் கால் முதல் தடவை உயர்வது அதன் பாதியில், 8192இல். சிடி4541 என்ற இன்னொரு எண்ணும் டைமர் ஐசி போட்டவர்களுக்கும் இதேதான், 65536 என்று அமைத்தாலும் ஒற்றை ஓட்டத்தில் அவுட்புட் திரும்புவது 32768இல். 1 மெகா ஓம், 0.1 மைக்ரோஃபாரடுக்கு 2 மணி 5 நிமிடம்.

நேரம் பத்து மடங்கு குறைந்தோ கூடியோ வந்தால் கெபாசிட்டர் மேல் உள்ள எண்ணைத் தப்பாகப் படித்திருப்பீர்கள். 104 என்றால் 0.1, 474 என்றால் 0.47, 105 என்றால் 1 மைக்ரோஃபாரட். பாதியும் இல்லை, பத்து மடங்கும் இல்லை, பத்து இருபது சதவீதம் தள்ளி வருகிறது என்றால் அது சாதாரணம்தான், கெபாசிட்டரே அவ்வளவு தள்ளி இருக்கும். 7ஆம் கால் ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்கு எடுக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் அளந்து 512ஆல் பெருக்கினால் உண்மையான மொத்த நேரம் கிடைத்துவிடும். பத்து ஏற்ற இறக்கத்தை அளந்து பத்தால் வகுத்தால் இன்னும் துல்லியம். அதை வைத்து ரெசிஸ்டரைத் திருத்துங்கள்.

7ஆம் காலில் பார்ப்பதற்காக எல்இடி போட்டால் 4.7 கிலோ ஓமோ 10 கிலோ ஓமோ வைத்துப் போடுங்கள்.

## அறிகுறி: நேற்று ஒரு நேரம், இன்று ஒரு நேரம்

நேர கெபாசிட்டர் என்ன வகை என்று பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும் சின்ன வட்டு செராமிக்கில் ஒய்5வி, இசட்5யு என்று வகைகள் உண்டு. ஒய்5வி வகை சூடு, குளிருக்கு ஏற்ப 22 சதவீதம் கூடவும் 82 சதவீதம் குறையவும் அனுமதிக்கப்பட்டது. மொட்டை மாடி ஷெட்டில், தகரப் பெட்டிக்குள் வெயிலில் வேகிற டைமரில் அதைப் போட்டால் மதியம் ஒரு நேரமும் விடியற்காலை ஒரு நேரமும் வரத்தான் செய்யும். பாலியெஸ்டர் கெபாசிட்டருக்கு மாற்றுங்கள், சில ரூபாயில் முடிகிற வேலை.

மழைக்காலத்தில் மட்டும் மாறுகிறது என்றால் பிசிபியின் அடிப்பக்கம். 1 மெகா ஓமுக்கு மேல் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் சால்டர் ஃபிளக்ஸ் பிசுக்கும் ஈரமும் சேர்ந்தால் அதுவே இணையாக இன்னொரு ரெசிஸ்டர் ஆகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் வைத்து 9, 10, 11ஆம் கால்களைச் சுற்றித் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு வார்னிஷ் ஒரு கோட் கொடுங்கள். நேரத்தைக் கூட்ட 4.7 மெகா, 10 மெகா என்று ரெசிஸ்டரை ஏற்றிக்கொண்டே போவதைவிடக் கெபாசிட்டரை ஏற்றுவது நல்லது. நேர ரெசிஸ்டர் 2.2 மெகாவோடு நிற்கட்டும்.

நேரம் மாற்றும் திருகு பொட்டென்ஷியோமீட்டர் போட்டிருந்தால் அதன் துடைப்பான் தேய்ந்திருக்கும். மெதுவாகத் திருகும்போது மீட்டரில் எண் தாவினால் மாற்ற வேண்டியதுதான். புதியதோடு தொடராக 100 கிலோ ஓம் நிலையான ரெசிஸ்டர் ஒன்றையும் போடுங்கள், திருகு கடைசிக்குப் போனாலும் ஆஸிலேட்டர் தறிகெட்டு ஓடாது.

எல்லாம் நன்றாக இருந்தாலும் ரெசிஸ்டர், கெபாசிட்டர் வைத்த டைமரில் இரண்டு மூன்று சதவீதம் அசைவு இருக்கும். 6 மணி நேரத்தில் 2 சதவீதம் என்றால் 7 நிமிடம். தண்ணீர் மோட்டாருக்கு அது பொருட்டில்லை. அந்த 7 நிமிடம் பொறுக்காது என்கிற வேலைக்கு இந்த சர்க்யூட் சரிப்படாது, கிரிஸ்டல் வைத்த கடிகார ஐசியோ மைக்ரோகன்ட்ரோலரோ போடுங்கள்.

## அறிகுறி: நின்ற மோட்டார் கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஓடுகிறது

இதை உடனே கவனியுங்கள். இரவில் யாரும் இல்லாதபோது மோட்டார் ஓடித் தொட்டி வழியும், கிணறு வற்றியிருந்தால் மோட்டாரே எரியும்.

முதலில் நிற்பதற்கும் மறுபடி ஓடுவதற்கும் இடையே உள்ள இடைவெளி நீங்கள் வைத்த நேரத்துக்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சமம் என்றால் 4060 நிற்காமல் எண்ணிக்கொண்டே போகிறது, இன்னொரு 8192 ஆனதும் 3ஆம் கால் மறுபடி கீழே வந்துவிடுகிறது. 3ஆம் காலிலிருந்து 11ஆம் காலுக்கு ஒரு 1என்4148 டயோடு போட வேண்டும், கோடுள்ள முனை 11 பக்கம். 3ஆம் கால் உயர்ந்ததும் அது ஆஸிலேட்டரைப் பிடித்து நிறுத்திவிடும். டயோடு ஏற்கெனவே இருக்கிறது என்றால் தலைகீழாக இருக்கும் அல்லது ஒரு பக்கம் சால்டர் விட்டிருக்கும்.

இடைவெளி சமமாக இல்லை, எப்போது ஓடும் என்று சொல்ல முடியவில்லை என்றால் இரண்டில் ஒன்று: கரண்ட் போய் வந்திருக்கிறது, அல்லது வெளிச் சத்தம் ரீசெட் செய்கிறது. இரண்டுக்கும் கீழே தனித்தனியாக வழி இருக்கிறது.

## அறிகுறி: ஆன் செய்யும்போது சில சமயம் பாதியிலிருந்து எண்ணுகிறது

பவர் வந்த கணத்தில் ரீசெட் சரியாக நடக்கவில்லை. 12ஆம் காலில் 0.1 மைக்ரோஃபாரடும் 100 கிலோ ஓமும் இருந்தால் ரீசெட் துடிப்பு ஏறக்குறைய 10 மில்லிவிநாடிதான். டிரான்ஸ்ஃபார்மர், பெரிய ஃபில்டர் கெபாசிட்டர், 7812 ரெகுலேட்டர் எல்லாம் தாண்டி 12 வோல்ட் நிலைக்கு வருவதற்குள் அது முடிந்துபோகும். கெபாசிட்டரை 1 மைக்ரோஃபாரட் ஆக்குங்கள். இங்கே எலக்ட்ரோலைட்டிக் போடலாம், பிளஸ் முனை 16ஆம் கால் பக்கம்.

அதற்குப் பிறகும் "உடனே ஆஃப் செய்து உடனே ஆன் செய்தால் மட்டும்" தப்பு வருகிறது என்றால் ஃபில்டர் கெபாசிட்டரில் சார்ஜ் மிச்சம் இருக்கிறது. ரிலே விட்ட பிறகு 4060 இழுப்பது மிகச் சொற்பம், அதனால் சுவிட்சை அணைத்த பின்னும் ஐசி பல விநாடி உயிரோடு இருக்கும், பழைய எண்ணிக்கையையும் மறக்காது. பவர் காட்டும் எல்இடி ஒன்றை 2.2 கிலோ ஓமோடு 12 வோல்ட் பாதையில் போட்டுவிட்டால் அதுவே மிச்ச சார்ஜை இறக்கிவிடும். கூடவே 12ஆம் காலுக்கும் மைனஸுக்கும் இடையே ஒரு 1என்4148, கோடு 12ஆம் கால் பக்கம். பவர் இறங்கும்போது ரீசெட் கெபாசிட்டரை அது காலி செய்துவிடும்.

4541 போட்டவர்கள் 5ஆம் காலை மைனஸில் கட்டித் தானியங்கி ரீசெட்டை நம்பி, பவர் மட்டும் 5 வோல்ட் கொடுத்திருந்தால் அது சரியாக வேலை செய்யாது. எம்சி14541 டேட்டாஷீட்டில் தானியங்கி ரீசெட்டுக்கு 8.5 வோல்ட்டாவது வேண்டும் என்று போட்டிருக்கிறது.

## அறிகுறி: மோட்டார் ஆன் ஆகும்போது, மிக்ஸி போடும்போது டைமர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது

அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு இதுதான். மேசையில் வைத்து எத்தனை தடவை ஓட்டினாலும் போர்டு ஒழுங்காக இருக்கும், பெட்டிக்குள் மாட்டி மோட்டாரோடு இணைத்ததும் தகராறு ஆரம்பிக்கும். மேசையில் சரியாக இருப்பதாலேயே போர்டில் தப்பில்லை என்று தெரிகிறது, வயர் வழியாக வருகிற சத்தத்தைத்தான் அடைக்க வேண்டும்.

செலவில்லாதது முதலில். ஐசியின் 16க்கும் 8க்கும் குறுக்கே, கால்களை ஒட்டியே, ஒரு 104 கெபாசிட்டர் இருக்கிறதா? பவர் சப்ளை பக்கம் ஒன்று இருக்கிறது என்பது போதாது. பிறகு ரீசெட் பட்டனுக்குப் போகும் வயர். பெட்டி கதவில் பட்டன், அடியில் போர்டு, நடுவில் அரை மீட்டர் வயர் 230 வோல்ட் வயர்களோடு ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். அந்த வயர் ஒரு ஆன்டெனா மாதிரிதான். பட்டன் வயரைத் தற்காலிகமாகப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டிப் பாருங்கள், கோளாறு போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது. இரண்டு வயரையும் முறுக்கிக் குட்டையாக்கி, பவர் வயர்களைவிட்டுத் தள்ளி ஓட்டுங்கள். 12ஆம் காலுக்கு அருகிலேயே 10 கிலோ ஓமைப் பட்டன் வயரோடு தொடராகவும், 103 கெபாசிட்டரை அந்தக் காலிலிருந்து மைனஸுக்கும் போடுங்கள்.

அடுத்தது கான்டாக்டர் காயில். கான்டாக்டர் என்பது மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே. போர்டில் உள்ள சின்ன ரிலே கான்டாக்டர் காயிலைத் துண்டிக்கும் கணத்தில் அதில் பெரிய வோல்டேஜ் எழும், டைமர் ரீசெட் ஆவது பெரும்பாலும் மோட்டார் நிற்கும் அந்த நொடியில்தான். 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை கெபாசிட்டரையும் தொடராக்கிக் கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே போடுங்கள். எக்ஸ்2 என்று அச்சிட்டிருக்க வேண்டும், சாதாரண கெபாசிட்டர் இங்கே வெடிக்கும். ரிலே கான்டாக்டுக்குக் குறுக்கே போடாதீர்கள். கான்டாக்ட் திறந்திருக்கும்போதும் அதன் வழியாக 7 மில்லிஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும், சின்னக் காயில் என்றால் விடாமல் பிடித்துக்கொள்ளக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வந்தால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட்டை இறக்கும் மலிவான சப்ளை போட்டிருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். அதில் சத்தம் நேராக உள்ளே வரும் என்பது ஒரு பக்கம், போர்டு முழுவதும் மெயின்ஸோடு இணைந்திருப்பதால் ரீசெட் பட்டனின் முனையைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் என்பது அதைவிட முக்கியம். தண்ணீர் புழங்கும் இடத்தில் அந்த வகை சப்ளை வேண்டவே வேண்டாம்.

## அறிகுறி: ரிலே படபடவென்று அடிக்கிறது

ரிலே பிடிக்கும்போது 12 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 9க்குக் கீழே போனால் சப்ளை பலவீனம், அல்லது 1000 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துபோயிருக்கும், தலை உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். இறங்கவில்லை என்றால் டிரான்சிஸ்டர் பேஸ் ரெசிஸ்டரை அளந்து பாருங்கள், 10 கிலோ ஓமுக்குப் பதில் 100 கிலோ ஓம் போட்டிருப்பீர்கள்.

## அறிகுறி: எல்இடி அணைந்துவிட்டது, மோட்டார் மட்டும் நிற்கவில்லை

டைமர் தன் வேலையைச் செய்துவிட்டது, ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது. சர்க்கரைக் கட்டி அளவு ரிலேயில் 7 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர் போன்ற சுமைக்கு. 1 எச்பி மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர் எடுத்தாலும் கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும், அந்தப் பொறியில் கான்டாக்ட் உருகி ஒட்டும். தட்டினால் விடும், இரண்டு நாளில் மறுபடி ஒட்டும். ரிலேயை மாற்றிப் பிரயோஜனமில்லை. மோட்டாருக்கு ஏற்ற கான்டாக்டரைப் போட்டு, சின்ன ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கும்படி மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

## அறிகுறி: கரண்ட் போய் வந்தால் முழு நேரமும் மறுபடி ஓடுகிறது

ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது, கரண்ட் போகிறது, வந்ததும் இன்னொரு இரண்டு மணி நேரம். இதில் எதுவும் கெட்டுப்போகவில்லை, 4060க்கு நினைவு கிடையாது. பேட்டரி வைத்து நினைவைக் காப்பாற்றுவதைவிட எனக்குப் பிடித்த வழி வேறு: கரண்ட் போனால் எல்லாமே அணையட்டும், ஆள் வந்து பட்டன் அழுத்தினால்தான் ஓடட்டும்.

டைமரின் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் ஃபேஸை நேராகக் கொடுக்காமல் ஒரு புஷ் பட்டன் வழியாகக் கொடுங்கள். பட்டனுக்கு இணையாக கான்டாக்டரின் உபரி நார்மலி ஓப்பன் கான்டாக்ட் (கான்டாக்டர் பிடிக்கும்போது மட்டும் மூடுவது). அழுத்தியதும் டைமருக்குப் பவர் வரும், ரிலே பிடிக்கும், கான்டாக்டர் பிடிக்கும், அதன் உபரி கான்டாக்ட் டைமருக்குப் பவரைத் தொடர்ந்து கொடுக்கும், பட்டனை விட்டுவிடலாம். நேரம் முடிந்தால் கான்டாக்டர் விடும், டைமருக்கும் பவர் போய்விடும். நடுவில் கரண்ட் போனாலும் அப்படியே. பட்டன் 230 வோல்ட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், போர்டில் வைக்கும் சின்னப் பட்டன் ஆகாது. இந்த முறையில் ஒவ்வொரு ஓட்டமும் புதிய பவரில் தொடங்குவதால் மேலே சொன்ன ரீசெட் பகுதி கட்டாயம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

## இதற்கு மேல் நீங்கள் தொட வேண்டாம்

12 வோல்ட் பக்கம் எதை வேண்டுமானாலும் கழற்றலாம், மாட்டலாம், போனால் சில ரூபாய். மோட்டார் போட்டதும் எம்சிபி அல்லது ஆர்சிசிபி விழுகிறது, ஸ்டார்ட்டர் பெட்டியில் கருகிய வாடை, கான்டாக்டர் உறுமுகிறது, பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது, மூன்று ஃபேஸ் மோட்டார், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரே ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார் பெட்டியில் இருக்கும் ஸ்டார்ட்டிங், ரன்னிங் கெபாசிட்டர்கள் அணைத்த பிறகும் சார்ஜ் வைத்திருக்கும், திறந்து பார்க்கக் கையை விடாதீர்கள்.

அவர் வருவதற்குள் டைமர் போர்டைக் கழற்றி, 19 விநாடி ஓட்டத்தை அடாப்டரில் செய்து வையுங்கள். போர்டு சரியாக இருக்கிறது, ரிலே விடுகிறது என்று நீங்கள் உறுதியாகச் சொன்னால் அவர் நேராக ஸ்டார்ட்டரையும் மோட்டார் வயரையும் பார்ப்பார். இல்லாவிட்டால் வீட்டில் செய்த போர்டுதான் காரணம் என்று அதைத் துண்டித்துவிட்டுப் போய்விடுவார், உண்மையான கோளாறு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.